கஸ்டர்டு மணக்கும் பியரைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி: தொடங்குபவர்களுக்கான செய்முறை

கேக், கஸ்டர்டு, வேர்க்கடலை பிஸ்கட் என இனிப்புப் பண்டங்களின் பெயரைத் தாங்கி வரும், சிறு ஆலைகளின் கிராஃப்ட் பியர்களில் பெரும்பாலானவை ஸ்டவுட் வகையைச் சேர்ந்தவை. கருக வறுத்த பார்லியிலிருந்து கறுப்பு நிறத்தையும் காப்பி, கோக்கோ மணங்களையும் பெறுவது ஸ்டவுட். அதில் வனிலா, தேங்காய், மேப்பிள் பாகு, பட்டை முதலியவற்றைச் சேர்த்து, ஆல்கஹாலையும் 9 முதல் 13 சதவீதம் வரை உயர்த்தி அமெரிக்கச் சிறு ஆலைகள் தயாரித்த பியர்களுக்கு 2010-களில் பேஸ்ட்ரி ஸ்டவுட் என்ற பெயர் நிலைத்தது. இதை முதன்முறையாகக் குடிப்பவர் பெரும்பாலும் ‘சர்க்கரைப் பாகாக இனிக்கிறது’ என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. இவ்வகைப் பியரில் நாம் உணரும் இனிப்பில் ஒரு பகுதி நாக்கில் படும் சர்க்கரையிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, சில பாட்டில்களில் பெரும்பகுதியே, மூக்கின் வழியாக வருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் எந்தப் பேஸ்ட்ரி ஸ்டவுட்டையும் அச்சமின்றி எடைபோடலாம். ஆகவே கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒரு திறனைப் பழக்குவதற்காகவே அமைக்கப்பட்டுள்ளன.

படி 1: இரண்டு பாட்டில்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு பியரை வைத்துக்கொண்டு இதைக் கற்க இயலாது; ஒப்பிடுவதற்கு மற்றொன்று தேவை. இந்தச் செய்முறைக்கு நியூயார்க் மாநிலத்தின் லேக்வுட் ஊரைச் சேர்ந்த சதர்ன் டியர் ஆலையின் க்ரெம் ப்ரூலே ஸ்டவுட்டையும், கொலராடோ மாநிலத்தின் லாங்மான்ட் ஊரைச் சேர்ந்த லெஃப்ட் ஹேண்ட் ஆலையின் மில்க் ஸ்டவுட்டையும் எடுத்துக்கொள்கிறேன். க்ரெம் ப்ரூலே என்பது கஸ்டர்டின் மேல் சர்க்கரையைத் தூவி, அதைத் தீயால் கருக்கிப் பரிமாறப்படும் பிரெஞ்சு இனிப்பு. அதன் மணத்தைப் பின்பற்றி வனிலாவும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையும் சேர்த்துத் தயாரிக்கப்படும் சதர்ன் டியர் பியரில் ஏறத்தாழ 10 சதவீதம் ஆல்கஹால் உண்டு. லெஃப்ட் ஹேண்ட் பியரிலும் லாக்டோஸ் உண்டு, ஆனால் வனிலா கிடையாது. ஆல்கஹால் 6 சதவீதம். இரண்டிலும் பால் சர்க்கரை இருக்க, ஒன்றில் மட்டும் வனிலா இருப்பதுதான் இந்த இணையின் பயன். இவை கிடைக்காத ஊரில், வனிலா சேர்த்த ஒரு ஸ்டவுட்டையும் சேர்க்காத ஒரு மில்க் ஸ்டவுட்டையும் லேபிளைப் படித்து வாங்கிக்கொள்ளலாம். லெஃப்ட் ஹேண்டில் நைட்ரஜன் அடைத்த நைட்ரோ வகையும் விற்கப்படுகிறது. நைட்ரஜனின் நுண்குமிழ்கள் பியருக்குப் பாலேடு போன்ற வழவழப்பைத் தருவதோடு மணத்தையும் அடக்கிவிடுவதால், ஒப்பீட்டிற்குச் சாதாரண வகையே ஏற்றது.

லாக்டோஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டிலுள்ள சர்க்கரைகளில் பெரும்பகுதியை ஈஸ்ட் உண்டு ஆல்கஹாலாக மாற்றிவிடும். பாலிலிருந்து எடுக்கப்படும் லாக்டோஸை உடைக்கும் நொதி பியர் ஈஸ்ட்டிடம் இல்லாததால், அது அப்படியே பியரில் தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஹைத் ஊரின் மேக்கசன் ஆலை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இந்த உத்தியைக் கையாண்டது. எனவே இன்றைய பேஸ்ட்ரி ஸ்டவுட் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு அன்று. லாக்டோஸின் இனிப்பு சாதாரணச் சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். பால் செரிக்காதவர்களும், பால் அல்லது கொட்டை வகைகளால் ஒவ்வாமை உள்ளவர்களும் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே சேர்மானப் பட்டியலைப் படித்துவிட வேண்டும்.

படி 2: குளிர்ச்சியும் கோப்பையும்

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிக்கக் கூடாது. 4 டிகிரி செல்சியஸ் அளவில் மணப்பொருள்கள் ஆவியாவது குறைந்து, நாக்கில் இனிப்பின் உணர்வும் மங்கிவிடும். 10 முதல் 13 டிகிரி வரை பொருத்தமானது. நம் ஊர் வெப்பத்தில் பாட்டிலை வெளியே எடுத்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். குளிர்நாட்டு அறையில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

கோப்பை, அடியில் அகன்று வாயில் குறுகியதாக இருக்க வேண்டும். பிராந்திக் கோப்பை சிறந்தது. ஒயின் கோப்பையும் போதுமானது. சோப்பின் வாசனையோ எண்ணெய்ப் பசையோ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, மணமும் கெடும் என்பதால், கழுவியபின் வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். அன்று நறுமணத் தைலமோ சந்தன ஊதுபத்தியோ அறையில் வேண்டாம்.

படி 3: ஊற்றுதலும் பார்த்தலும்

ஒவ்வொரு கோப்பையிலும் 100 மில்லிலிட்டர் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். முதலில் மில்க் ஸ்டவுட், அடுத்துதான் க்ரெம் ப்ரூலே. கனமான பியர் முந்திக்கொண்டால் இலேசானது தண்ணீராகத் தோன்றும். கோப்பையைச் சற்றே சாய்த்துத் தொடங்கி, பாதி நிறைந்ததும் நிமிர்த்தினால் பழுப்பு நிற நுரை எழும். ஆல்கஹால் மிகுந்த ஸ்டவுட்களில் நுரை விரைவில் அடங்கிவிடுவது இயல்பு. கோக்கோ, தேங்காய் ஆகியவற்றின் கொழுப்பும் நுரையைக் கலைக்கும். ஆதலால் நுரை இல்லாததைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கோப்பையை மெல்லச் சுழற்றினால் கெட்டியான பியர் உட்சுவரில் படிந்து மெதுவாக வழியும். கண்ணால் அறியக்கூடியது அவ்வளவுதான். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

படி 4: முகர்தல்

இந்தப் படிக்கு வேண்டிய பொறுமையைப் பெரும்பாலோர் காட்டுவதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுவந்து இரண்டு மூன்று முறை சிறு மூச்சாக முகர்ந்துவிட்டு, கோப்பையை விலக்கி, சாதாரணக் காற்றைச் சிறிது நேரம் சுவாசியுங்கள். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி அதைச் சொல்லாமல் விட்டுவிடும். மில்க் ஸ்டவுட்டில் வறுத்த தானியம், காப்பி, கோக்கோ ஆகியவற்றின் மணம் தெரியும். க்ரெம் ப்ரூலேயில் வனிலா மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். அதன் பின்னால் கேரமல் இருக்கும். இன்னும் தேடினால்தான் வறுத்த மால்ட் அகப்படும். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உவப்பானது அன்று என்றாலும், கற்பவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அமைவது கடினம்.

இப்போது, இன்னும் ஒரு துளியும் குடிக்காத நிலையில், எது அதிகமாக இனிக்கும் என்று உங்களையே கேட்டு, விடையைத் தாளில் எழுதிவையுங்கள். அநேகமாக க்ரெம் ப்ரூலே என்றுதான் எழுதுவீர்கள். ஆனால் வனிலாவுக்கு நாக்கில் இனிப்புச் சுவை கிடையாது; கேக்கில் சேர்க்கும் வனிலா சாறு ஒரு சொட்டைத் தனியாக நாவில் வைத்தால் கசக்கும். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் சர்க்கரையுடன் சேர்ந்தே வனிலாவை உண்டு பழகியதால், அந்த மணம் வந்தவுடன் மூளை இனிப்பையும் சேர்த்துக் கூட்டிக்கொள்கிறது. பாயசத்தில் பழகிய ஏலக்காயின் மணம் வெறும் தண்ணீரில் வந்தாலும் இனிப்பை எதிர்பார்க்க வைப்பது இதனால்தான்.

பழக்கம் மாறினால் பலனும் மாறும். அமெரிக்கரின் நினைவில் பட்டை என்பது சர்க்கரை பூசிய பட்டைச் சுருள் ரொட்டியோடு சேர்ந்தது. நம் நினைவிலோ குருமாவோடும் பிரியாணியோடும் சேர்ந்தது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரைச் சேர்ந்த சிகார் சிட்டி ஆலை, கோக்கோ, வனிலா, பட்டை, மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து ஹுனாபு என்ற பெயரில் ஒரு ஸ்டவுட்டைத் தயாரிக்கிறது. அத்தகைய பியரை இனிப்புப் பண்டமாக எண்ணாமல் மசாலாவாக உணரும் தமிழர், தம் மூக்கில் ஏதோ பிழை என்று கருத வேண்டியதில்லை. அயல்நாட்டுச் சுவைக்குறிப்புகளைப் படித்துவிட்டு, அதில் எழுதியிருப்பதெல்லாம் தமக்கும் தோன்ற வேண்டும் என்று முயல்வது வீண்.

படி 5: மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு

முதல் மிடற்றை இயல்பாகக் குடியுங்கள். சிறிய மிடறாக எடுத்து, நாவெங்கும் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கின் வழியாக மூச்சை வெளிவிடுங்கள். விழுங்கும்போது தொண்டையின் பின்புறத்திலிருந்து மணம் மூக்குக்கு ஏறுகிறது. நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த வழியாகவே கிடைக்கிறது.

அடுத்த மிடற்றுக்கு விரல்களால் மூக்கை இறுகப் பொத்திக்கொள்ளுங்கள். பொத்தியபடியே பியரை வாயில் வாங்கி, ஐந்து விநாடி நாவில் வைத்திருங்கள். வனிலா மறைந்துவிடும், கேரமல் மறைந்துவிடும், காப்பியும் மறைந்துவிடும்; இனிப்பு, கசப்பு, இலேசான புளிப்பு, ஆல்கஹாலின் காரம், திரவத்தின் கனம் ஆகியவை மட்டுமே எஞ்சும். இப்போது தெரியும் இனிப்புதான் நாக்கின் இனிப்பு. விரலை எடுத்தவுடன் மணம் முழுவதும் ஒரே வீச்சில் திரும்பி வந்து, பியர் திடீரென்று இனிப்பானதாகத் தோன்றும். அந்த வேறுபாடுதான் மூக்கின் இனிப்பு.

இதே சோதனையை மில்க் ஸ்டவுட்டிலும் செய்யுங்கள். அதில் மூக்கைத் திறக்கும்போது இனிப்பு கூடுவது குறைவாகவும், வறுபட்ட மணம் கூடுவது அதிகமாகவும் இருக்கும். இரு கோப்பைகளுக்கும் இடையே வெறும் ரொட்டித் துண்டும் சாதாரண நீரும் போதும். ஐஸ் நீர் நாவை மரத்துப்போகச் செய்யும்.

படி 6: இனிப்பைத் தாங்குவது எது என்று தேடுதல்

நாக்கின் இனிப்பு எவ்வளவு என்று கண்டுகொண்டபின், அதற்கு எதிராக நிற்பது எது என்று பார்க்க வேண்டும். பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பும் வறுத்த பார்லியின் கசப்பும் முதற்காவல். மில்க் ஸ்டவுட்டில் இனிப்பு குறைவாகவும், அதற்கேற்ற கசப்பும் இருப்பதால் விழுங்கியபின் வாய் ஓரளவு உலர்ந்துவிடும். பேஸ்ட்ரி ஸ்டவுட்டிலோ, நொதித்தல் முடிந்தபின்னும் மால்ட்டின் சர்க்கரை நிறையவே எஞ்சியிருக்கும். லாக்டோஸ் தன் அற்ப இனிப்பைவிட வாயை நிறைக்கும் கனத்தையே அதிகமாகச் சேர்த்திருக்கும். ஆல்கஹாலும் சிறிதளவு இனிப்பைத் தந்து, மார்பில் இதமான சூட்டையும் பரப்பும். மூன்றாவது மிடற்றுக்குப் பிறகு உதடுகள் ஒட்டுவது போலத் தோன்றி, நான்காவதை மனம் நாடவில்லை என்றால், அந்தப் பியரில் கசப்பு தோற்றுவிட்டது என்று பொருள். ஆலை எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் அதைக் குறை என்றே எழுதலாம்.

படி 7: காத்திருந்து மீண்டும் சுவைத்தல்

கோப்பையில் பாதியை மிச்சம் வைத்து இருபது நிமிடம் காத்திருங்கள். சூடு ஏற ஏற வறுத்த மால்ட்டின் மணம் வெளிவரும். ஆல்கஹாலின் நெடியும் கூடும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் நொதித்தலில் குறை. நனைந்த அட்டையின் வாசனையோ சோயா சாஸின் வாசனையோ வந்தால் பெரும்பாலும் பாட்டில் பழையது. காப்பி சேர்த்த ஸ்டவுட் நாள்பட்டால் பச்சைக் குடைமிளகாய் மணக்கத் தொடங்கும், வனிலாவின் மணமும் மாதங்கள் கடக்கக் கடக்க மங்கும். ஆகவே ஆல்கஹால் மிகுந்த பியர் என்பதற்காக இவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது அறிவுடைமை ஆகாது.

குறிப்பு எழுதும்போது ‘நன்று’, ‘இனிப்பு’ என்று நிறுத்திவிடாமல், மூக்கைப் பொத்தியபோது இருந்த இனிப்புக்கு ஒன்றும், திறந்தபோது இருந்த இனிப்புக்கு ஒன்றுமாகப் பத்துக்கு இரண்டு மதிப்பெண்களை அருகருகே இடுங்கள். படி 4-இல் எழுதிய ஊகத்தையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவும் துணை உணவும்

355 மில்லிலிட்டர் பாட்டிலில் 10 சதவீதம் என்றால், அதில் ஏறத்தாழ 28 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதச் சாதாரண பியரின் அதே பாட்டிலில் 14 கிராம்தான். இனிப்பு அதை மறைத்துவிடுவதால், ஒரு பாட்டிலை மூவரோ நால்வரோ பகிர்ந்துகொள்வதே முறை. அந்தந்த இடத்தில் சட்டம் அனுமதிக்கும் வயதை எட்டாதவர்களுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கும் இந்தப் பயிற்சி உரியது அன்று. உண்பதற்கு இனிப்புகளைத் தேடாதீர்கள். உப்புச் சேர்த்து வறுத்த முந்திரியோ, ஸ்டில்டன் போன்ற உப்பு மிகுந்த நீலப் பாலாடைக்கட்டியோ பேஸ்ட்ரி ஸ்டவுட்டின் திகட்டலை வெட்டிவிடும்.

அடுத்த அமர்வுக்கு

இந்த இணையில் தேறியபின் மற்றோர் இணையை முயலலாம். ஸ்வீடனின் ஓம்னிபோலோவும் இங்கிலாந்தின் பக்ஸ்டன் ஆலையும் சேர்ந்து தயாரித்த யெல்லோ பெல்லி, 11 சதவீத வேர்க்கடலை பிஸ்கட் ஸ்டவுட். அதில் வேர்க்கடலையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அதற்கு எதிரே இலங்கையின் லயன் ஸ்டவுட்டை வையுங்கள். 8.8 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்தப் பியரில் சாக்லெட்டும் காப்பியும் மணப்பது வறுத்த மால்ட்டினால் மட்டுமே. வனிலாவோ கோக்கோவோ சேர்ப்பதில்லை. இரண்டையும் மூக்கைப் பொத்தியும் திறந்தும் குடித்து, மதிப்பெண்களை முதல் இணையின் தாளிலேயே கீழே எழுதுங்கள். பாட்டில்களின் பெயரை மற்றொருவர் மறைத்துவிட்டு ஊற்றித் தருவது இன்னும் நல்லது.