‘தேவையான அளவு’ என்று எழுதும் முன்

வீட்டுச் சமையலைப் புத்தகமாக்க விரும்புகிறவர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தரும் குறிப்புகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதியவர்கள் எல்லோரும் நன்றாகச் சமைக்கிறவர்கள்தான். கரண்டியைப் பிடிக்கும்போது ஆளுக்கொரு பக்குவம் இருக்கிறது. பேனாவைப் பிடித்ததும் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ‘எண்ணெய் காய்ந்ததும் கடுகு தாளித்து, பச்சை வாசனை போகும்வரை வதக்கி, உப்பு தேவையான அளவு சேர்த்து’ என்று போகிறது குறிப்பு. எழுதியவர் நாகர்கோவிலா நாமக்கல்லா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் தீயலை ‘வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு’ என்று எழுதியிருந்தார். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வறுத்து அரைக்கிற குழம்புகள் எத்தனையோ இருக்கின்றன. தீயலுக்குத் தேங்காயைப் பொன்னிறத்தோடு நிறுத்தக் கூடாது; இன்னும் சற்றுப் போனால் தீய்ந்துவிடும் என்று மனம் பதறும் வரைக்கும் வறுக்க வேண்டும். பெயரை மாற்றியபோது அந்தப் பதற்றமும் குறிப்பிலிருந்து போய்விட்டது. வீட்டில் கூப்பிடும் பெயரையே தலைப்பாக வையுங்கள். விளக்கம் அடுத்த வரியில் வரட்டும்.

அடுத்தது, அளவு. ‘அம்மா கண்ணளவில்தான் போடுவார்’ என்று பெருமையாக எழுதி அதோடு விட்டுவிடுகிறார்கள். கண்ணளவு என்பது பல வருடப் பழக்கத்தில் வந்த அளவு. அதைப் பிடிக்க முடியும். திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை என் பெரியம்மாவிடம் கற்றபோது, அவர் எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் உப்பு ஜாடியை எடை போட்டேன். முதல் நாள் 14 கிராம், மறுமுறை 15, அதற்கடுத்த முறை மீண்டும் 14. அவர் கை அப்படி! புளியில் இன்னும் கவனம் வேண்டும். ‘எலுமிச்சை அளவு’ என்றால் பழைய புளியா, புதுப் புளியா? இரண்டுக்கும் நிறமும் புளிப்பும் வேறு. எதைக் கரைத்தீர்கள் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதியபோது ஆழாக்கு, பலம் என்று அளவு கொடுத்தார். அந்த அளவைகள் வழக்கொழிந்த பிறகும் புத்தகம் சமையலறைகளில் இருக்கிறது. ஆழாக்கை மில்லி லிட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். ‘தேவையான அளவை’ எதற்கும் மாற்ற முடியாது.

என்னை மிகவும் வருத்துவது இனிச் சொல்லப்போகும் தவறு. தான் செய்யாததை எழுதுவது. தினமும் மிக்சியில் அரைக்கிறவர் குறிப்பில் அம்மி வந்துவிடுகிறது. கேஸ் அடுப்பில் வைத்த குழம்பு எழுத்தில் விறகடுப்புக்கு மாறிவிடுகிறது. பாட்டி அம்மியில் அரைத்தது உண்மை என்றால் அதைப் பாட்டியின் கதையாக எழுதுங்கள். செய்முறையில் உங்கள் மிக்சி இருக்கட்டும். தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறுகிறது, அதனால் விட்டுவிட்டு ஓட்டுகிறேன், இரண்டு கை தண்ணீர் தெளிக்கிறேன் என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கும் மிக்சிதான் இருக்கிறது. அம்மாவிடமிருந்து நீங்கள் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் ஒளிக்க வேண்டாம். பூண்டைக் குறைத்தது பிள்ளைக்குப் பிடிக்காததால் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

‘கைமணம்’, ‘அமிர்தம்’, ‘ஊரே மணக்கும்’ போன்ற சொற்களை முதல் திருத்தத்திலேயே எடுத்துவிடலாம். யாரிடம் கற்றீர்கள் என்பதை மட்டும் எடுக்காதீர்கள்.

குறிப்பு முடிந்ததும், அந்தப் பதார்த்தத்தைச் சாப்பிட்டே இராத ஒருவரிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. என் சொதிக் குறிப்பைச் சென்னையில் ஒரு தோழியிடம் கொடுத்தேன். மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்தார், இரண்டாம் பாலை விட்டார், முதல் பாலை ஊற்றி நுரை கூடியதும் கொதிக்க விடாமல் இறக்கினார். எல்லாம் சரியாகவே போயிற்று. எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். ‘சற்று ஆறியதும் பிழியவும்’ என்று எழுதியிருக்கிறாயே, சற்று என்றால் எவ்வளவு?

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். “சட்டியை வெறுங்கையால் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் பிழி” என்றார். அந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.