இ.சி.டி.யில் முதல் ஓட்டம்: தொடங்குபவர்களுக்கு

எலக்ட்ரான் கேப்சர் டிடெக்டர், சுருக்கமாக இ.சி.டி., 1957-இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கியது. கலவையை ஆவியாக்கி அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃபில் பிரிந்து வரும் பொருள்களில் குளோரின், புரோமின், நைட்ரோ தொகுதி உள்ளவற்றை இது பிகோகிராம் அளவிலும் காட்டிவிடும். சாதாரண ஹைட்ரோகார்பன்களை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லி எச்சங்களைத் தேட இது தோதானது அதனால்தான்.

உள்ளே நிக்கல்-63 பூசிய தகடு இருக்கும். அதிலிருந்து வரும் பீட்டா துகள்கள் நைட்ரஜனில் மோதி எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும்; அவற்றால் ஒரு நிலையான மின்னோட்டம் கிடைக்கும். குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் எலக்ட்ரான்களைக் கவ்விக்கொள்ளும், மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் திரையில் பீக், அதாவது முகடு. (இன்றைய கருவிகள் மின்னோட்டத்தை மாறாமல் வைக்க மின்துடிப்புகளை அடிக்கடி கொடுக்கும், துடிப்பின் வேகமே சிக்னல்.)

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் வாயு. ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பிடிக்கும். அதனால் 99.999% தூய நைட்ரஜன், ஆக்சிஜனையும் ஈரத்தையும் பிடிக்கும் வடிகட்டிகள் இரண்டும் வேண்டும். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்லைன் (மாதிரி எதுவும் வராதபோது திரையில் ஓடும் அடிக்கோடு) எகிறினால் என் முதல் சந்தேகம் எப்போதும் கசிவின் மேல்தான்.

2. வாயு ஓடத் தொடங்கிய பிறகே டிடெக்டரைச் சூடாக்குங்கள். 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வழக்கம். பிரிப்புக் குழாய் இருக்கும் அடுப்பின் உச்ச வெப்பநிலையைவிடக் கூடுதலாக இருந்தால் உள்ளே எதுவும் படியாது.

3. பேஸ்லைன் அடங்கும்வரை காத்திருங்கள். இரவு முழுக்க விட்டாலும் தப்பில்லை.

4. மாதிரியை ஹெக்சேனில் அல்லது ஐசோஆக்டேனில் கரையுங்கள். டைகுளோரோமீத்தேன் வேண்டவே வேண்டாம். கரைப்பானே டிடெக்டரை மூழ்கடித்துவிடும். பிளாஸ்டிக் பொருள்களிலிருந்து கசியும் தாலேட்டுகளும் பொய்ப் பீக் தரும். கண்ணாடிக் கலன்களே நல்லது. அப்புறம், வெறும் கரைப்பானை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் மாதிரியைத் தொடாதீர்கள்.

5. ஒவ்வொரு பொருளுக்கும் தனி அளவீட்டுக்கோடு (தெரிந்த செறிவுகளுக்கு எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கோடு) போடுங்கள். குளோரின் எத்தனை, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து சிக்னல் பெரிதும் மாறும். செறிவுக்கு நேர்விகிதத்தில் சிக்னல் கூடும் நேர்கோட்டு வரம்பும் குறுகியது; மாதிரியின் செறிவு அதைத் தாண்டினால் நீர்க்கச் செய்யுங்கள்.

6. பீக் வந்த நேரத்தை மட்டும் வைத்துப் பொருளின் பெயரை எழுதிவிடாதீர்கள். வேறு வகைப் பிரிப்புக் குழாயிலோ மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ உறுதி செய்யுங்கள்.

நிக்கல்-63 கதிரியக்கப் பொருள். அது இருக்கும் டிடெக்டர் கலத்தை நீங்களாகத் திறக்கக் கூடாது. வெளிவரும் வாயுவைக் குழாய் வழியே அறைக்கு வெளியே விடுங்கள். கதிரியக்கப் பொருள் கசிந்திருக்கிறதா என்று மேற்பரப்பைத் துடைத்துப் பார்க்கும் துடைப்புச் சோதனையை விதிப்படி செய்து, பதிவேட்டில் எழுதி வையுங்கள்.