அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்தினால் என்ன செய்வது? ஆப்பிரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தால், அந்த நாட்டில் அடுத்த தேர்தல் எப்போது என்று பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். உகாண்டாவில் 2021 ஜனவரித் தேர்தலுக்கு முந்தின நாள் மாலையே நெட்டை நிறுத்திவிட்டார்கள். காபோனில் 2023 ஆகஸ்டில் வாக்குப்பதிவு நாளன்று நிறுத்தினார்கள். தான்சானியாவில் 2025 அக்டோபர் தேர்தலிலும் இதேதான் நடந்தது. அல்ஜீரியாவில் பள்ளி இறுதித் தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்கிறோம் என்று நாடு முழுவதும் மணிக்கணக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். போராட்டம் வெடித்தாலும் அதே கதைதான்.

நான் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, மீனவர் நலவாரியம் என்று எல்லா ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நிவாரணம் கேட்கவும் வழியில்லாமல் ஜனங்கள் தண்ணீரில் நின்றார்கள். அது இயற்கை செய்தது. அந்த நிலைமையை ஓர் அரசாங்கம் கையெழுத்துப் போட்டு உண்டாக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் வேலை, நம்பர். எங்கள் தெருவில் ஓர் அக்கா. மகன் கம்பாலாவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறான். 2021 போகி அன்று ராத்திரி கடைக்கு வந்தார். "தம்பி, சாயந்திரத்திலேர்ந்து ஒத்த டிக்குதான் விழுது, என்னன்னு பாருப்பா" என்று போனை நீட்டினார். அங்கே நெட்டைத்தான் நிறுத்தியிருந்தார்கள்; சாதாரணப் போன் பேச முடிந்தது. ஆனால் அக்காவிடம் இருந்தது மகனுடைய பழைய இந்திய நம்பர். அதில்தான் அவன் வாட்ஸ்அப் வைத்திருந்தான். அங்கே போட்டிருக்கும் உகாண்டா சிம்மின் நம்பர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பொங்கல் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். திங்கட்கிழமை 18ஆம் தேதி அங்கே நெட் திரும்பிய பிறகுதான் மகன் குரலைக் கேட்டார்.

அதனால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்: அந்த நாட்டு சிம் நம்பர், முதலாளி நம்பர், கூடத் தங்கியிருக்கும் ஒருவருடைய நம்பர், அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தின் நம்பர். போனில் பதிவதோடு விடாமல் ஒரு தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நாட்டின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். உகாண்டாவுக்கு 256, நைஜீரியாவுக்கு 234, கென்யாவுக்கு 254. ப்ரீபெய்டு சிம் என்றால் வெளிநாட்டு அழைப்புக்குத் தனி ரீசார்ஜ் வேண்டியிருக்கும். ஒரு தடவை போட்டு, பேசிப் பார்த்துவிடுங்கள். நெட் போன பிறகு முயன்று பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அடுத்து, என்ன நின்றிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சில நேரம் ஒரு செயலியை மட்டும் மறிப்பார்கள். நைஜீரியாவில் 2021 ஜூன் முதல் 2022 ஜனவரி வரை ட்விட்டரை மட்டும் தடை செய்தார்கள். சாட் நாட்டில் 2018 மார்ச்சிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேல் சமூக ஊடகங்கள் இல்லை. இந்த மாதிரித் தடையில், தடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நெட்டில் சேர்க்கும் விபிஎன் என்ற செயலி உதவும், ஆனால் தடைக்கு முன்பே போனில் இருக்க வேண்டும். சில நாடுகளில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம், சட்டத்தை விசாரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். சில நேரம் வேகத்தை மட்டும் குறைப்பார்கள். எழுத்து போகும், படம் போகாது. மொத்தமாக நிறுத்திவிட்டால் விபிஎன் ஒன்றும் செய்யாது. அப்போது போன், எஸ்எம்எஸ், அப்புறம் பக்கத்தில் இருப்பவர்களோடு ப்ளூடூத்தில் பேச உதவும் பிரையர் போன்ற செயலி, இவ்வளவுதான் கைவசம். பிரையரில் இரண்டு பேரும் முன்பே ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டிருப்பது நல்லது.

மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன்: எழுதி வையுங்கள். கேமரூனில் ஆங்கிலம் பேசும் இரண்டு மாகாணங்களுக்கு 2017 ஜனவரி 17 அன்று நெட்டை நிறுத்தினார்கள். 93 நாள். அங்கே புவேயா என்று ஒரு ஊர். கணினி வேலை செய்யும் இளைஞர்கள் நிறைந்த இடம். அந்தப் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாகாண எல்லை வரை போய், சிக்னல் கிடைக்கும் ஒரு கிராமத்தில் வீடு பிடித்து உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தார்கள். தங்களைத் தாங்களே இணைய அகதிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். "எங்கள் இணையத்தைத் திருப்பிக் கொடு" என்ற அவர்கள் குரல் உலகம் முழுக்கப் போனது. அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், எந்த நாளில் என்ன நின்றது, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களே விவரம் சொன்னதுதான்.

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, மணி, தெரு, எந்தக் கம்பெனி சிம், எது வேலை செய்யவில்லை, எது செய்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது, அதனால் என்ன கெட்டது. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். "விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், போட முடியவில்லை" என்று ஒரு வரி இருந்தால் நாளைக்கு அது சாட்சி. கடிகாரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சிம் கம்பெனி அனுப்பும் மெசேஜை அழிக்காதீர்கள். ஊனி புரோப் என்று இலவசச் செயலி இருக்கிறது. எந்தத் தளம், எந்தச் செயலி மறிக்கப்பட்டிருக்கிறது என்று சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பொதுவில் வெளியிடும். விபிஎன்னை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: கெடுபிடி உள்ள நாட்டில் இருக்கும் பிள்ளையை இங்கிருந்து "ஓட்டுடா" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்தச் சோதனையே அங்கே சந்தேகத்தைக் கிளப்பலாம். அவன் நிலைமை அவனுக்குத்தான் தெரியும்.

சரி, எழுதி வைத்தாயிற்று. அடுத்தது, யார் உத்தரவு என்று கேட்பது. ஆப்பிரிக்காவில் ஜெயித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஜெயித்தார்கள். ஜிம்பாப்வேயில் 2019 ஜனவரியில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிரான போராட்டத்தின்போது நெட்டை நிறுத்தினார்கள். பத்திரிகைச் சுதந்திர அமைப்பும் மனித உரிமை வழக்கறிஞர்களும் உயர் நீதிமன்றம் போனார்கள். உத்தரவு போட்ட அமைச்சருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று ஜனவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. அதே வருஷம் சூடானில் ஒரு வழக்கறிஞர் தன் சிம் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். முதலில் அவர் ஒருவருக்கு மட்டும் நெட் திரும்பியது! விடாமல் போராடி, மற்றவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். டோகோவில் 2017இல் நிறுத்தியதற்கு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் நீதிமன்றம் 2020 ஜூனில், அது சட்டவிரோதம், வழக்குப் போட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு என்றது. நைஜீரியாவின் ட்விட்டர் தடையையும் 2022இல் அதே நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. டோகோ தீர்ப்பு வருவதற்குள் நெட் என்றைக்கோ திரும்பிவிட்டது. ஆனாலும் அடுத்த தடவை கையெழுத்துப் போடுகிறவன் யோசிப்பான் இல்லையா, எனக்கு அது பெரிய விஷயம்.

இங்கிருந்து துணை நிற்க நினைப்பவர்கள், அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் அமைப்புகள் வெளியிடுவதைப் படித்துத் தமிழில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கம்பாலாவில் சிபெசா, லாகோஸில் பாரடைம் இனிஷியேட்டிவ், இரண்டுமே வருஷக்கணக்காக இதே வேலையாக இருக்கிறார்கள். எங்கிருந்தோ வரும் வீடியோவை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். 2020 ஜனவரியில், காஷ்மீரில் நெட்டை நிறுத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று சொன்னது. 2024 நவம்பரில் வந்த மத்திய அரசின் விதிகளும் ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆகவே நாம் உத்தரவைக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பொதுத் தகவல் அலுவலர், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை 600009 என்று முகவரி எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கேள்விகள் சுருக்கமாக இருக்கட்டும்: இந்தத் தேதியில் இந்தப் பகுதியில் நெட்டை நிறுத்திய உத்தரவின் நகல் வேண்டும், எந்த அதிகாரி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் போட்டார், அந்த உத்தரவைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழு எப்போது கூடியது, என்ன முடிவு செய்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். தபால் ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது. எழுதத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.