ஸ்கிரைபஸில் தாள் அளவு: இயல்பு அமைப்பும் ஆவண அமைப்பும்

தங்கச்சிமடத்தில், பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் நான் வடிவமைத்த தேவாலயக் கொடியேற்ற நோட்டீஸை இராமநாதபுரத்து அச்சகம் ஒன்றில் அளவு மாற்றாமல் அச்சிட்டபோது, வலப்பக்க பார்டர் கோடு தாளில் விழவே இல்லை. கோப்பு லெட்டர் அளவில், அதாவது 215.9 × 279.4 மி.மீ. அளவில் இருந்தது, அச்சகத்திலோ 210 × 297 மி.மீ. அளவுள்ள ஏ4 தாள். விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே நான் வைத்த கோடு, ஏ4 தாளின் விளிம்புக்கு ஏறத்தாழ 2 மி.மீ. அருகில் போய்விட்டது. அவ்வளவு ஓரத்தில் பெரும்பாலான பிரிண்டர்களால் அச்சிட இயலாது.

முதலில் இயல்பு அளவைச் சரிசெய்யுங்கள். ‘ஃபைல்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘டாக்குமென்ட் செட்டப்’ பகுதியில் ஏ4 எனத் தேர்ந்தெடுத்தால், இனிமேல் தொடங்கும் ஆவணங்களுக்கு அதுவே முதலில் காட்டப்படும். ஏற்கெனவே சேமித்த கோப்பு எதையும் இது தொடாது. கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால், அவரவர் கணக்கில் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது ஆவண அமைப்பு. என் அனுபவத்தில் இதுவே முக்கியமானது. ஏனெனில் பென் டிரைவில் கோப்போடு கூடவே செல்வது இந்த அளவுதான், உங்கள் கணினியின் இயல்பு அளவு அன்று. கோப்பைத் திறந்துகொண்டு, ‘ஃபைல்’ மெனுவிலேயே தனியாக உள்ள ‘டாக்குமென்ட் செட்டப்’புக்குச் செல்லுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். அளவை மாற்றியதும், அதன் அருகில் ‘ஆல் டாக்குமென்ட் பேஜஸ்’ என்னும் கட்டத்தில் டிக் செய்ய மறவாதீர்கள். செய்யாவிட்டால் இருக்கும் பக்கங்கள் பழைய அளவிலேயே நிற்கும். பக்கம் மாறினாலும் பார்டர் தானாக நகராது என்பதால், அதைப் புதிய விளிம்புக்கு ஏற்ப நீங்களே இழுத்து வைக்க வேண்டும்.

ஊர் வரலாற்று நூல் போன்ற வேலைக்கு டெம்மி 1/8, அதாவது 5.5 × 8.5 அங்குலம் வேண்டுமானால், அந்த ஆவணத்தில் மட்டும் அகலத்தையும் உயரத்தையும் எண்களாக இடுங்கள். ஒரு நூலுக்காக இயல்பு அளவை மாற்றினால், மறுநாள் படகுச் சங்க நோட்டீஸும் டெம்மியில் தொடங்கிவிடும்.

பிடிஎஃப் எடுத்தபின் ‘ஃபிட்’ தேர்வை விடுத்து 100 விழுக்காட்டில் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, நான்கு பக்க ஓரங்களையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ‘ஃபிட்’ பக்கத்தைச் சுருக்கித் தாளுக்குள் அடக்கிவிடுவதால், அளவுப் பிழை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.