கெர்ட்டியைப் போல் மூச்சுவிடும் விலங்கை வரைவோம்

அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914-இல் கெர்ட்டி என்ற அனிமேஷன் டைனோசரை மேடைக்குக் கொண்டுவந்தார். சாட்டையோடு அவர் நின்று கட்டளையிடுவார். பக்கத்துத் திரையில் கெர்ட்டி வணங்கும், அதட்டினால் அழும், ஏரித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துத் தீர்க்கும். சிரிப்பு அங்கேதான். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அதன் மூச்சு. மெக்கே தன் மூச்சையே நேரம் பார்த்து அதை வரைந்தார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: ஒரே அளவில் 9 டிரேசிங் தாள்களை வெட்டி எண்ணிடுங்கள். நான்கு மூலைகளிலும் கூட்டல் குறி போடுங்கள். குறிகள் பொருந்தாவிட்டால் படம் குதிக்கும். மெக்கேயும் மெல்லிய அரிசித்தாளில் இப்படித்தான் குறியிட்டார்.

படி 2: முதல் தாளில் வயிறு ஒட்டிய விலங்கு, 9-ஆம் தாளில் வயிறு புடைத்த அதே விலங்கு. கால்கள் இம்மியும் நகரக் கூடாது.

படி 3: 1, 2, 3 என்று வரிசையாக வரைந்து போகாதீர்கள். விலங்கு வழியிலேயே பருத்துவிடும். முதலில் 1-க்கும் 9-க்கும் நடுவே 5. பிறகு 3, 7. கடைசியாக 2, 4, 6, 8. நடுவை நடுவாகப் பிளந்துகொண்டே போகும் இம்முறை மெக்கேயுடையது. இதற்கு அவர் காப்புரிமை தேடவில்லை.

படி 4: பின்னணி மலையை ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரையுங்கள். அலுப்பான வேலைதான். கெர்ட்டிக்காக ஆயிரக்கணக்கான தாள்களில் பாறையையும் மரத்தையும் வரைந்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளம் உதவியாளர். அந்தக் கோடுகளின் மெல்லிய நடுக்கம் திரையில் தெரியும். உங்கள் மலையும் நடுங்கட்டும், அழிக்க வேண்டாம்.

படி 5: கைபேசியை அசையாமல் நிறுத்தி 1 முதல் 9 வரை, பிறகு 8 முதல் 2 வரை படமெடுங்கள். மொத்தம் 16 படம். நொடிக்கு 8 வீதம் ஓட்டினால் 2 நொடி. இதையே சுழலவிடுங்கள், கெர்ட்டியிலும் வரைந்த தாள்களே மீண்டும் மீண்டும் வருகின்றன.

இப்போது கடிகாரத்தைப் பார்த்து உங்கள் மூச்சை அளவெடுங்கள். இழுத்து விட 3 நொடி ஆகிறதா? 1-ஆம் தாளையும் 9-ஆம் தாளையும் கூடுதலாக நான்கு நான்கு முறை எடுங்கள். 24 படம், 3 நொடி. வயிறு எழுந்து, சற்றே நின்று, தாழும்.