நிட்டிங்கா, குரோஷேவா? முதன்முறை ஊசி எடுப்பவருக்கு

கம்பளி நூலில் ஏதேனும் பின்னிப் பழக விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, நிட்டிங், குரோஷே ஆகிய இரண்டில் எது எளிது என்பதுதான். அந்தக் கேள்வியைச் சற்றே தள்ளிவைத்து, எந்தப் பொருளைச் செய்து முடிக்க ஆசைப்படுகிறோம் என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரே நூலில் செய்தாலும் இரண்டும் தருகிற துணி வெவ்வேறு இயல்புடையது. ஆசைப்பட்ட பொருளுக்குப் பொருந்தாத முறையைக் கற்கத் தொடங்கியவர் பாதியிலேயே ஊசியை மூட்டை கட்டி வைத்துவிட நேரும்.

நிட்டிங்குக்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், அனைத்தும் ஓர் ஊசியின் மேல் திறந்தபடியே காத்திருக்க, அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னி மற்ற ஊசிக்கு மாற்றிக்கொண்டே போகிறோம். குரோஷேவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி போதும். ஒரு பின்னலை முழுதாக முடித்த பின்னரே அடுத்ததற்குப் போவதால், ஒவ்வொரு பின்னலின் முடிவிலும் ஊசியில் ஒரு கண்ணி மட்டுமே மீந்திருக்கும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

நிட்டிங் துணியில் கண்ணிக்குள் கண்ணி நுழைந்து நிற்பதால், இழுத்தால் அது நீண்டு, விட்டால் மீண்டும் சுருங்கி, உடலோடு படிந்துகொள்ளும். ஸ்வெட்டர், காலுறை, கையுறை, குளிர்த்தொப்பி போன்றவற்றுக்கு இந்த நெகிழ்வே உயிர். நாம் அன்றாடம் அணியும் டி-ஷர்ட்டின் துணியும் இயந்திரத்தில் நிட்டிங் முறையில் ஆனதுதான். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய பின்னல் இயந்திரமும் காலுறைக்காகவே பயன்பட்டது. குரோஷேவில் பின்னல்கள் முடிச்சுகளைப் போல ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால், துணி தடித்து, கொடுத்த வடிவத்தில் நிலைத்து நிற்கும். கைப்பை, கூடை, மேசை விரிப்பு, சிறு சதுரங்களை இணைத்துச் செய்யும் போர்வை, ஜப்பானில் அமிகுருமி என்று அழைக்கப்படும் பஞ்சடைத்த பொம்மைகள் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. மெல்லிய நூலையும் சற்றுப் பெரிய கொக்கியையும் எடுத்தால் குரோஷேவிலும் குழைவான சால்வை பின்னலாம். ஆனால் அதே பரப்புக்கு நிட்டிங்கைவிடப் பொதுவாக அதிக நூல் செலவாகும் என்பதை நூல் வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதும் தேர்வில் பெரும்பங்கு வகிக்கிறது. நிட்டிங்கில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அதற்குக் கீழுள்ள வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணிப்படிபோல் ஓடும். பதற வேண்டாம், குரோஷே ஊசியொன்றைக் கீழே அவிழாமல் நிற்கும் கண்ணியில் நுழைத்து, ஏணியின் ஒவ்வொரு படி நூலையும் அதன் வழியே இழுத்து மேலேறினால் இடம் தெரியாமல் சரியாகிவிடும். புதியவரை அதைவிட அதிகம் குழப்புவது, இருபதில் தொடங்கிய கண்ணிகள் சில வரிசைகளில் இருபத்து மூன்றாகப் பெருகிவிடுவது. வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசியின் மேல்வழியாக இழுத்துப் பின்னால் கொண்டுபோனால், முதல் கண்ணியின் இரு கால்களும், அதாவது வளையத்தின் இரு பக்க இழைகளும், மேலேறி இரண்டு கண்ணிகளாகத் தோன்றும். கையும் அவற்றை இரண்டாகவே பின்னிவிடும். நூலை ஊசியின் அடிவழியாகப் பின்னுக்குக் கொண்டுபோனாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குரோஷேவில் பிழை கண்ட இடம்வரை நூலை இழுத்து அவிழ்த்துவிட்டு, மீந்த ஒரு கண்ணியில் கொக்கியை மாட்டி உடனே தொடரலாம். அதில் புதியவரின் இடர் வேறு: வரிசையின் கடைசிப் பின்னல் கண்ணுக்குத் தப்பிவிடுவதால், சதுரமாகத் தொடங்கியது மெல்ல மெல்ல முக்கோணமாகிவிடுகிறது. ஒவ்வொரு வரிசையின் முதல் பின்னலிலும் ஓர் ஊக்கு மாட்டி வைத்தால், அடுத்த வரிசை அங்கேதான் முடிய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். முதல் வரிசைக்கு அடித்தளமாகக் கண்ணிகளைத் தொடராகக் கோத்துப் போடும் தொடக்கச் சங்கிலியை இறுக்கிப் போட்டுவிட்டு, முதல் வரிசையைப் பின்னக் கொக்கி நுழையாமல் திணறுவதும் பொதுவானது. சங்கிலிக்கு மட்டும் ஓர் அளவு பெரிய கொக்கியைப் பயன்படுத்தலாம். செய்முறைக் குறிப்பு அமெரிக்க முறையிலா, பிரிட்டன் முறையிலா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்; அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான அடிப்படைப் பின்னல் பிரிட்டன் குறிப்பில் டபுள் குரோஷே.

இன்னும் தீர்மானிக்க இயலாவிட்டால், இரண்டையும் கையில் எடுத்துப் பார்ப்பதே வழி. நடுத்தரத் தடிமனில், முறுக்கு விடாத, வெளிர் நிற நூல்கண்டு ஒன்று போதும். கறுப்பு நூலிலும் பஞ்சு பறக்கும் நூலிலும் கண்ணிகள் தெரியாது. நெகிழ்வே இல்லாத பருத்தியைவிடக் கம்பளியோ அக்ரிலிக்கோ கைக்கு இணக்கமானது. நிட்டிங்குக்கு 5 மி.மீ. மர அல்லது மூங்கில் ஊசிகள், குரோஷேவுக்கு 5.5 மி.மீ. கொக்கி. உலோக ஊசியில் கண்ணிகள் எளிதில் வழுக்கும் என்பதால் அது பிற்பாடு ஆகட்டும். நிட்டிங்கில் இருபது கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் நிட் என்னும் அடிப்படைப் பின்னலாகவே பின்னி உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு செய்யுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை அதன் மறுபுறப் பின்னலான பர்ல் என்று பின்னினால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும் என்பதால் அதை இப்போது தவிர்க்கலாம். குரோஷேவில் சங்கிலி போட்டு, சிங்கிள் குரோஷேவில் அதே அளவுத் துண்டு செய்யுங்கள். துணியின் அழகைவிட, எந்தத் துண்டைப் பின்னும்போது தோளும் மணிக்கட்டும் இறுகாமல் இருந்தன என்று கவனியுங்கள். குரோஷேவில் ஒரே மணிக்கட்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. நிட்டிங்கில் உழைப்பு இரு கைகளுக்கும் பகிர்ந்துபோகிறது.

ஸ்வெட்டரோ காலுறையோ மனத்தில் இருப்பவர், குரோஷேவில் தொடங்கிப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்று எண்ணாமல் நேராக நிட்டிங்குக்கே போகலாம். குறிப்பிட்ட பொருள் எதுவும் மனத்தில் இல்லாதவருக்குக் குரோஷேவையே பரிந்துரைப்பேன். அவிழ்ப்பது எளிது என்பதால் தவறுக்கு அஞ்சாமல் பழகலாம், ஒரு சிறு சதுரம் ஒரே அமர்வில் முடிந்தும்விடும். அவ்வாறு தொடங்குகிற வலக்கையர் நூலை இடக்கை விரல்களில் தாங்கிப் பழகியிருப்பார் என்பதால், பின்னாளில் நிட்டிங் கற்கும்போது நூலை இடக்கையில் பிடிக்கும் கான்டினென்டல் முறையைத் தேர்ந்தெடுத்தால், விரல்களுக்குப் பாதி வேலை முன்பே தெரிந்திருக்கும்.