நாளாந்த வாழ்க்கையை இயேசுவிட்ட ஒப்புக்குடுக்கிறது எப்பிடி? புதுசா தொடங்குற ஆக்களுக்கு

யாழ்ப்பாணத்தில கத்தோலிக்கக் குடும்பத்தில பிறந்த ஆருக்கும் "ஒப்புக்குடுங்கோ" எண்ட சொல் புதுசில்லை. மறைக்கல்வி வகுப்பில சொல்லுவினம், சுவாமி பிரசங்கத்தில சொல்லுவார், செத்தவீட்டில அம்மம்மா சொல்லுவா. ஆனா என்னத்தைக் குடுக்கிறது, எப்ப குடுக்கிறது, என்னண்டு குடுக்கிறது எண்டு எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தினதா ஞாபகமில்லை. 2018ல தம்பியின்ர கடைக்காக என்ர பேரில ஒரு நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசுக்கு ஆள் வந்து படலையில நிண்டு அயலட்டை கேக்கக் கதைக்கத் தொடங்கின நேரம்தான் நான் இதைப் பழகினனான், அதால நான் பழகின ஒழுங்கிலயே சொல்லுறன்.

முதல்ல ஒரு துண்டுப் பேப்பர் எடுங்கோ. உங்களை இப்ப நித்திரை கொள்ள விடாத ஒரு விஷயத்தை அதில எழுதுங்கோ. ஒண்டே ஒண்டு காணும். "என்ர குடும்பம்", "என்ர எதிர்காலம்" எண்டு எழுதாதேங்கோ, அது பெரிய மூட்டை, கைக்குள்ள பிடிபடாது. நான் எழுதினது "வியாழக்கிழமை கட்டுக்காசு". நீங்கள் "அம்மான்ர ஸ்கான் ரிசல்ட்" எண்டோ "அவர் கடலுக்குப் போய் வாற இரவு" எண்டோ எழுதலாம். பேர் சொல்லிக் குடுத்தாத்தான் பேந்து அதைத் திருப்பி எடுக்கேக்க நீங்களே பிடிபடுவியள், அதைப் பற்றிக் கீழ சொல்லுறன்.

ரெண்டாவது, விடிய எழும்பின உடன போனைத் தொட முதல் சிலுவை அடையாளம் போட்டுட்டு ரெண்டு வசனம். இதுக்குத் தனிச் செபப் புத்தகம் வேண்டாம். நான் சொல்லுறது இதுதான்: "இயேசுவே, இண்டைக்கு நான் செய்யுற வேலை, படுற கஷ்டம், வாற சந்தோசம் எல்லாத்தையும் உம்மட்ட தாறன். இந்தத் துண்டில இருக்கிறதையும் தாறன், நீர் பாத்துக்கொள்ளும்." காலை ஒப்புக்கொடுத்தல் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது இந்தச் செபத்தைத்தான். இது ஊருலகத்துக்குப் பரவினதில ஒரு கதை இருக்கு. 1844ல பிரான்சில வால்ஸ் எண்ட ஊரில படிச்சுக்கொண்டிருந்த இளம் இயேசு சபை மாணவருக்குப் படிப்பில மனம் ஒட்டேல்லையாம், தூர தேசத்துக்கு மறைபரப்பப் போகவேணும் எண்ட துடிப்பு. அவையின்ர ஆன்ம குரு கொத்ரெலே அடிகளார், இப்ப செய்யுற படிப்பையும் சின்னச் சின்ன வேலையளையும் அந்த மிஷன் நாடுகளுக்காக ஒவ்வொரு நாளும் ஒப்புக்குடுங்கோ எண்டு சொல்லிக் குடுத்தார். அதிலயிருந்துதான் செப அப்போஸ்தலர் இயக்கம் வளந்தது. எனக்கு இந்தக் கதை சரியான விருப்பம், ஏனெண்டா அடுப்படியில புட்டு அவிக்கிற நேரமும் குடுக்கக்கூடிய ஒண்டுதான் எண்டு எனக்கு விளங்கினது இதாலதான்.

மூண்டாவது கோயில் மணி. விடிய ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஆறு, மூவேளைச் செபத்துக்கு அடிக்கிற மணி. முழுச் செபமும் பாடமில்லை எண்டா பரவாயில்லை, மாதா சொன்ன அந்த ஒரு வரி, "உமது வார்த்தையின்படியே எனக்கு ஆகட்டும்", அதைச் சொல்லிட்டு வேலையைத் தொடருங்கோ. மணி கேக்காத இடத்தில வேலை எண்டா போனில அலாரம் வையுங்கோ.

நாலாவதுதான் முக்கியம், இதில கொஞ்சம் நிண்டு சொல்லவேணும். பூசை. கனபேர் காணிக்கை நேரத்தில பேர்சுக்குள்ள காசு தேடுறதோட அந்த நேரம் போயிடும், நானும் அப்பிடித்தான் இருந்தனான். அடுத்தமுறை அந்த நேரம் பீடத்தைப் பாருங்கோ. சுவாமி கிண்ணத்தில திராட்சை இரசம் விட்டுட்டு அதுக்குள்ள கொஞ்சத் தண்ணி விடுவார், ஒரு துளி அளவுதான். சத்தமில்லாம ஒரு செபமும் சொல்லுவார், எங்கட மனுச இயல்பில பங்கெடுத்த கிறிஸ்துவின்ர இறை இயல்பில நாங்களும் பங்குபெறவேணும் எண்டு. அந்தத் துளிதான் நாங்கள். விழுந்தாப் பிறகு அதைப் பிரிச்செடுக்க ஏலாது. நான் முதல்முறை இதைத் தெரிஞ்சுகொண்டு பாத்த ஞாயிறு, வியாழக்கிழமைக் கட்டுக்காசை அந்தத் துளியோட மனசால விட்டனான், அழுகை வந்திட்டுது, பக்கத்தில நிண்ட அன்ரி லேஞ்சி தந்தவ. அதால உங்களுக்கும் சொல்லுறது, பூசை தொடங்கப் பத்து நிமிசத்துக்கு முதலே போய் இருங்கோ, துண்டில எழுதினதை நினையுங்கோ, தண்ணி விடேக்க அதையும் விடுங்கோ. நன்மை, அதுதான் நற்கருணை, எடுத்திட்டு வந்து முழங்காலில நிக்கேக்க புதுசா ஒண்டும் கேக்காதேங்கோ, சும்மா அவரோட இருங்கோ.

இனி அஞ்சாவது. ஒப்புக்குடுத்திட்டன் எண்டு வீட்டில குந்திக்கொண்டு இருக்கிறது பிழை. சங்கீதம் 37ல "உன் வழியை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடு" எண்டு வாற இடத்தில எபிரேயச் சொல்லின்ர நேர் அர்த்தம் "உருட்டிவிடு" எண்டதாம். பாரக் கல்லைத் தூக்க ஏலாது, ஆனா உருட்டலாம், உருட்டுறதுக்கும் கை வைக்கத்தானே வேணும். நான் பூசை முடியச் சுவாமியிட்டப் போய் "சுவாமி, இப்பிடி ஒரு கடன் பிரச்சினை" எண்டு வெட்கத்தை விட்டுச் சொன்னனான். அவரும் எங்கட அன்பியத்தில, அதுதான் அயல் வீட்டுக் கத்தோலிக்கர் கூடிச் செபிக்கிற குழுவில, ஒரு ஐயாவுமாச் சேந்து கணக்கைப் பாத்து, கடன் தந்த ஆக்களிட்ட என்னோட வந்து கதைச்சு, கட்டுக்காசைக் குறைச்சு மாதக் கணக்கா மாத்தித் தந்தவை. பயத்தில மூண்டு மாதம் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்த நான் அண்டைக்கு வாய் திறந்தது செபத்தாலதான் எண்டு நான் முழுசா நம்புறன்.

ஒப்புக்குடுத்திட்டும் கை வைச்சு வேலை செய்ததுக்கு ஒரு உதாரணம் கோவாவில இருந்து வந்த குரு யோசே வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில, 1687ல, கூலிக்காரர் வேசத்தில யாழ்ப்பாணம் வந்து இறங்கினவர். பிடிபட்டா என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சே வந்தவர், வரேக்க கடும் வருத்தம் வேற. முழுசா ஆண்டவரிட்ட விட்ட மனுசன்தான், ஆனா செபமாலையைக் கழுத்தில போட்டுக்கொண்டு, அதைப் பாத்து ஆற்ற முகம் மாறுது எண்டு கவனிச்சுத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடிச்சவர். 2015ல கொழும்பில புனிதர் பட்டம் குடுத்த நேரம் எங்கட வீட்டில டிவிக்கு முன்னால எல்லாரும் முழங்காலில நிண்டது இப்பவும் கண்ணுக்க நிக்குது.

இரவு படுக்கேக்க ஆறாவது. துண்டை எடுத்துப் பாருங்கோ. இண்டைக்கு அந்தக் கவலையை எத்தினை தரம் அவரிட்ட இருந்து திருப்பி எடுத்து மனசில போட்டு உழட்டினனான் எண்டு உண்மையா எண்ணுங்கோ. எடுத்திருப்பியள். நான் முதல் கிழமை நாளுக்கு முப்பது தரம் எடுத்திருப்பன். அதுக்காக உங்களையே ஏசவேண்டாம், இயேசு சிலுவையில சொன்ன வசனத்தைச் சொல்லித் திருப்பிக் குடுங்கோ: "தந்தையே, உம்முடைய கையில என்ர உயிரை ஒப்படைக்கிறன்." திருச்சபையின்ர இரவுச் செபத்திலயும் இந்த வசனம்தான் வருது. சொல்லிட்டு லைற்றை நூருங்கோ.

ஒரு மாதம் இப்பிடிச் செய்து பாருங்கோ. மாதத்தின்ர முதல் வெள்ளி வந்தா நற்கருணை ஆராதனைக்கும் ஒருக்கா போங்கோ, பத்து நிமிசம் இருந்தாலும் காணும், அந்தத் துண்டையும் கொண்டு போங்கோ.

என்ர கடன் 2021ல முடிஞ்சுது. அந்தத் துண்டு இப்பவும் திருஇருதயப் படத்துக்குப் பின்னால செருகி இருக்கு, அதுக்கு மேல புதுசா ஒண்டு, மகளின்ர ஏ.எல். சோதினை எண்டு எழுதி. இண்டைக்கு விடியக் குடுத்தனான், பத்து மணிக்குத் திருப்பி எடுத்திட்டன், மத்தியான மணிக்குத் திரும்பக் குடுத்திருக்கிறன்.